கீத் கேரடைன்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கே: கீத் கேரடைன் நடிகரா, பாடகரா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ப: ஹாலிவுட் நடிகர். ஆனால் ஆஸ்கர் வாங்கியது, தானே எழுதி மெட்டமைத்துப் பாடிய பாட்டுக்கு.

கே: எந்தப் பாட்டு அது?

ப: ராபர்ட் ஆல்ட்மன் இயக்கி 1975இல் வந்த 'நாஷ்வில்' படத்தின் 'ஐம் ஈஸி'. படம் ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றது. கிடைத்தது இது ஒன்றுதான். டயானா ராஸ் பாடிய 'மஹாகனி' படப் பாட்டைத் தாண்டி வந்த வெற்றி.

கே: கேட்டுப் பார்த்தேன். ஒரு கிதார், மெல்லிய குரல், சாதாரணக் காதல் பாட்டு. இதற்கா ஆஸ்கர்?

ப: தனியாகக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். படத்தில் பாருங்கள். கேரடைன் நடிக்கும் டாம் என்ற பாடகன் கிளப் மேடையில் உட்கார்ந்து பாடுகிறான். பெண்கள் விஷயத்தில் மனசாட்சியே இல்லாதவன். எதிரே கூட்டத்தில் அவனை அறிந்த பெண்கள் பலர். ஒவ்வொருத்தியும் தனக்காகவே பாடுகிறான் என்று நம்புகிறாள். கடைசி வரிசையில் லில்லி டாம்லின் நடித்த லின்னியா, கணவனும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவள். கேமரா மெல்ல மெல்ல அவளை நெருங்க, அவள் முகத்தில் உறுதி கரைவது தெரிகிறது. 'நான் எளிதில் மயங்கிவிடுபவன்' என்று பாட்டு கெஞ்சுகிறது, பாடுகிறவனோ மயக்குகிறவன். கேரடைன் குரலை உயர்த்துவதே இல்லை. பாட்டையே நடித்துவிடுகிறார். தேர்ந்த பாடகர் ஒருவர் இதை இன்னும் அழகாகப் பாடிக் கெடுத்திருப்பார் என்பது என் எண்ணம்.

கே: அந்தப் படத்தில் அவர் எழுதிய பாட்டு அது மட்டும்தானா?

ப: இல்லை. முடிவில் பார்பரா ஹாரிஸ் பாடும் 'இட் டோன்ட் வொரி மி'யும் அவருடையதே. மேடையில் துப்பாக்கி வெடித்த சற்று நேரத்தில், எனக்கொன்றும் கவலையில்லை என்று கூட்டமே சேர்ந்து பாடும்போது அடிவயிறு கலங்கும். எனக்கு இதுதான் ஒரு படி மேல்.

கே: பிறகு ஏன் முழுநேரப் பாடகராகவில்லை?

ப: முயலாமல் இல்லை. 'ஐம் ஈஸி' இசைத்தட்டு 1976இல் அமெரிக்கப் பாடல்களின் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் 17ஆம் இடம்வரை ஏறியது. அந்த ஆண்டு ஓர் ஆல்பம், 1978இல் இன்னொன்று. ஆனால் நல்ல படங்கள் வரிசையாக வந்தன: ரிட்லி ஸ்காட்டின் முதல் படம் 'தி டூயலிஸ்ட்ஸ்', அண்ணன் டேவிட், தம்பி ராபர்ட்டோடு சகோதரர்களாகவே நடித்த 'தி லாங் ரைடர்ஸ்'. தந்தை ஜான் கேரடைனும் நடிகர்தான். வீட்டுத் தொழில் விடுமா?

கே: அப்படியானால் பாட்டு அதோடு நின்றுவிட்டதா?

ப: மேடைக்குப் போனது. தொடக்கமே நியூயார்க்கின் நாடக அரங்குகளான பிராட்வேயில் 'ஹேர்' இசை நாடகம்தானே! 1991இல் 'தி வில் ராஜர்ஸ் ஃபாலீஸ்' நாடகத்தில் கயிற்றைச் சுழற்றி வித்தை காட்டிக்கொண்டே பாடினார். அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அறுபதைக் கடந்தபின், 2013இல், மீண்டும் ஓர் இசை நாடகத்துக்காக அதே பரிந்துரை.

கே: மடோனாவின் 'மெட்டீரியல் கேர்ள்' வீடியோவில் வருபவர் அவரா?

ப: அவரேதான். பாட மட்டும் விடவில்லை!