ஏஎஸ்/400-லிருந்து மெயிலில் அட்டாச்மென்ட் போகுமா?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பில்லிங், ஸ்டாக் எல்லாம் இன்னும் ஏஎஸ்/400 என்ற ஐபிஎம் கம்பெனியின் கம்ப்யூட்டரில்தான். இப்போது அதற்கு ஐபிஎம் ஐ என்று பெயர், பதிப்பு 7.3. தினமும் காலையில் டீலர்களின் நிலுவைப் பட்டியலை பிசிக்கு இறக்கி, எக்ஸெலாக மாற்றி, ஒவ்வொருவருக்கும் மெயிலில் இணைத்து அனுப்பி முடிக்கவே பதினொரு மணி ஆகிவிடுகிறது. அந்த மெஷினே நேராக அனுப்பாதா என்று கேட்டால், "பச்சைத் திரைக்கு (கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வரும் இந்த மெஷினுக்கு) அதெல்லாம் வராதும்மா" என்கிறார்கள். உண்மையா? — வாசகி, கோவை

பதில்: தாராளமாக அனுப்பும். ஏஎஸ்/400 வெளிவந்தது 1988-ல். மெயிலோடு ஃபைலைச் சேர்த்து அனுப்பும் 'மைம்' முறை வந்ததே 1992-ல்தான். ஆரம்பத்தில் இந்த மெஷினில் மெயில் என்றால் 'செண்ட் டிஸ்ட்ரிபியூஷன்' கட்டளைதான். ஆள் பெயருக்கு எட்டு எழுத்து, முகவரிக்கு எட்டு எழுத்து. ஃபைலை ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி, அதன் பெயரையும் எட்டு எழுத்துக்குள் சுருக்கி அனுப்புவோம். நானும் பல வருஷம் அதோடு மல்லாடியவன். 'வராது' என்ற பேச்சு அந்தக் காலத்து மிச்சம்.

உங்கள் 7.3-ல் 'செண்ட் எஸ்எம்டிபி ஈமெயில்' என்று தனிக் கட்டளையே இருக்கிறது (எஸ்எம்டிபி என்பது மெயில் அனுப்பும் முறை). எஸ்என்டிஎஸ்எம்டிபிஇஎம்எம் (SNDSMTPEMM) என்று அடித்து எஃப்4 தட்டுங்கள். யாருக்கு, என்ன பொருள், என்ன செய்தி, எந்த ஃபைல் என்று கேட்கும். நிரப்பி எண்டர் தட்டினால் போகும்.

ஆனால் எந்த ஃபைலைக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏஎஸ்/400-ல் நாம் 'ஃபைல்' என்று சொல்வது டேட்டாபேஸ் டேபிள். டீலரின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த ஃபைல் வேறு ஜாதி. ஒவ்வொரு எழுத்தையும் ஒரு எண்ணாக வைக்கும் முறை இங்கே எப்சிடிக், அங்கே ஆஸ்கி. எழுத்தையாவது மாற்றிவிடலாம், தொகைகள் பேக்டு டெசிமலில், அதாவது ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக நெருக்கி வைக்கும் முறையில் அல்லவா உட்கார்ந்திருக்கின்றன?

இது எனக்குத் தெரிந்தது பட்டுத்தான். ஒரு மார்ச் 31 இரவு, ஆடிட்டர் கேட்டார் என்று நிலுவை ஃபைலை அப்படியே எஃப்டிபி எனும் ஃபைல் மாற்றும் முறையில் ஆஸ்கியாக இறக்கி, பிசியிலிருந்து மெயிலில் இணைத்து அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் அவர் ஃபோன். டீலர் பெயர்கள் அத்தனையும் சரி, தொகை இருக்க வேண்டிய இடத்தில் கட்டங்களும் கிறுக்கல்களும். 12,345.67 என்ற தொகையை ஒன்பது இலக்க பேக்டு ஃபீல்டில் வைத்தால் ஐந்து பைட்தான் பிடிக்கும்: 00, 12, 34, 56, 7எஃப். கடைசி பைட்டில் 7 என்ற இலக்கமும், கூட்டல் குறிக்கான எஃப்-ம் சேர்ந்திருக்கும். எப்சிடிக்கில் 7எஃப் என்றால் இரட்டை மேற்கோள் குறி, 6எஃப் என்றால் கேள்விக்குறி. எஃப்டிபி அதைத் தொகை என்று பார்க்காது, எழுத்து என்று நினைத்து மாற்றிவிடும். அதனால் 7-ல் முடிந்த ஒவ்வொரு தொகையின் வாலிலும் ஒரு மேற்கோள் குறி. ஆண்டு முடிவுக் கணக்கை வைத்துக்கொண்டு அந்த மனிதர் காத்திருந்தார். ஃபைலை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் அவருக்கு அந்த அலைச்சல் வந்திருக்காது.

ஆகவே முதலில் 'காப்பி டு இம்போர்ட் ஃபைல்' கட்டளை. சிபிஒய்டிஓஐஎம்பிஎஃப் (CPYTOIMPF) என்று அடிக்க வேண்டும். இது ஃபீல்டு ஃபீல்டாகப் படித்து, பேக்டு தொகையை நாம் படிக்கும் எண்ணாக்கி, ஐஎஃப்எஸ்-ல் (பிசி போல ஃபோல்டர்கள் உள்ள பகுதி) சிஎஸ்வி ஃபைலாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த பட்டியலாக எழுதும். எழுத்துமுறைக்கு 1208, அதாவது யூடிஎஃப்-8, கொடுங்கள். வெறும் ஆங்கிலமும் எண்ணும்தான் என்றால் 1252 போதும், எக்ஸெல் சண்டை போடாமல் திறக்கும். இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: அதே பெயரில் நேற்றைய ஃபைல் கிடந்தால், நீங்கள் இன்று கொடுக்கும் 1208-ஐ மதிக்காது, பழைய ஃபைலின் எழுத்துமுறையிலேயே எழுதும். 'ரீப்ளேஸ்' என்று சொல்லியிருந்தாலும் அப்படித்தான். பழையதை அழித்துவிட்டு எழுதுங்கள். அட்டாச்மென்ட் வகையை 'ஆக்டெட்', 'பைனரி' என்று வைத்தால் ஃபைல் உள்ளது உள்ளபடி போய்ச் சேரும்.

இனி உங்கள் சிஸ்டம் நிர்வாகி செய்ய வேண்டியவை. எஸ்எம்டிபி சர்வரும், எம்எஸ்எஃப் எனும் மெயில் ஃபிரேம்வொர்க்கும் ஓட வேண்டும். அனுப்புகிற யூசர் புரொஃபைலை எஸ்எம்டிபியில் பதிவு செய்திருக்க வேண்டும். இது விட்டுப்போனால் கட்டளை வாசலிலேயே நின்றுவிடும். மெயிலை ஆபீஸின் மெயில் சர்வர் வழியாக அனுப்பும்படி 'மெயில் ரூட்டர்' அமைக்கச் சொல்லுங்கள்.

பிறகு, ஒரு சிஎல் புரோகிராம், அதாவது இந்தக் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் புரோகிராம். டீலர் மாஸ்டரைப் படித்து, ஆளுக்கு ஒரு சிஎஸ்வி, ஆளுக்கு ஒரு மெயில். காலை ஆறரைக்கு ஜாப் ஷெட்யூலரில் போட்டுவிட்டால், நீங்கள் ஆபீஸ் வரும்போது வேலை முடிந்திருக்கும். முதல் ஒரு வாரம் மட்டும் எல்லா மெயிலையும் உங்கள் முகவரிக்கே வரவழைத்துத் திறந்து பாருங்கள். ஒரு டீலரின் நிலுவை இன்னொருவருக்குப் போனால் திரும்ப வாங்க முடியாது.

கேள்வி: பட்டியலுக்குப் பதில் இன்வாய்ஸையே பிடிஎஃப்-ஆக அனுப்ப முடியுமா? கட்டளை 'அனுப்பியாயிற்று' என்று சொல்லியும் சிலருக்குப் போகவில்லை என்றால் எங்கே பார்ப்பது? — அதே வாசகி

பதில்: முடியும். ஸ்பூல் ஃபைலை, அதாவது பிரிண்டருக்குப் போகக் காத்திருக்கும் அச்சை, 'காப்பி ஸ்பூல்டு ஃபைல்' கட்டளையால் நேராக ஐஎஃப்எஸ்-க்கு பிடிஎஃப்-ஆக எழுதலாம். 'டிரான்ஸ்ஃபார்ம் சர்வீசஸ்' என்ற உரிமப் பொருள், எண் 5770-டிஎஸ்1, நிறுவியிருக்க வேண்டும். நிர்வாகியிடம் அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

'அனுப்பியாயிற்று' என்றால் மெயில் வரிசையில் சேர்த்தாயிற்று என்று மட்டுமே அர்த்தம். டீலர் கையில் கிடைத்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எஸ்எம்டிபி அமைப்பில் ஜர்னலை (நடந்ததைப் பதிந்து வைக்கும் ஏட்டை) ஆன் செய்யச் சொல்லுங்கள். க்யூயூஎஸ்ஆர்எஸ்ஒய்எஸ் (QUSRSYS) லைப்ரரியில் க்யூஇசட்எம்எஃப் (QZMF) என்ற ஜர்னலில் ஒவ்வொரு மெயிலின் பயணமும் பதிவாகும். மெஷினை விட்டு வெளியே போயிருந்தால், அடுத்து உங்கள் மெயில் சர்வரின் லாகைப் பார்க்க வேண்டும்.