மூன்றாம் மாடியும் முழங்காலும்

கேள்வி: வயது 74. கிழக்கு லண்டனில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) தந்த வாடகை வீடு, மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. அரிசிப் பையைப் படிக்குப் படி வைத்துத்தான் மேலே ஏற்றுகிறேன். கீழ்வீடு கேட்டு இரண்டு வருஷம், பதிலே இல்லை.

பதில்: அம்மா, படிவத்தில் 'முழங்கால் வலி' என்று மட்டும்தானே எழுதினீர்கள்? நம்மவர்கள் நோயைக் குறைத்துத்தான் சொல்வார்கள். அந்த அரிசிப் பைக் கதையை அப்படியே எழுதுங்கள்: எத்தனை படி, எங்கே நின்று மூச்சு வாங்குகிறீர்கள், எல்லாம். ஜிபி (குடும்ப மருத்துவர்) கடிதத்தையும் இணைத்து, மருத்துவக் காரணத்தால் முன்னுரிமை கேளுங்கள். அப்புறம், அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (அன்றாடம் உதவி தேவைப்படும் முதியோருக்கு அரசு தரும் உதவித்தொகை) எடுக்கிறீர்களா? குளிக்க, உடுக்க ஆறு மாதமாக உதவி தேவைப்பட்டால் விண்ணப்பிக்கலாம். சேமிப்புக் கணக்கெல்லாம் கேட்கமாட்டார்கள். குளியலறைக் கைப்பிடிக்கும் கேளுங்கள். தேவை என்று மதிப்பிட்டால், 1,000 பவுண்டுக்குள் கவுன்சிலே இலவசமாகப் பொருத்தும்.