ஆர்.என்.ஏ. ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

மருத்துவம் வேண்டாம், தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் ஆர்.என்.ஏ.வை (செல்லுக்குள் மரபுத் தகவலைச் சுமக்கும், டி.என்.ஏ.வுக்கு நெருங்கிய மூலக்கூறு) பற்றித்தான் படிப்பேன் என்று மகள் பிடிவாதம் பிடிப்பதாகக் கவலையுடன் எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்பது வெறும் ஆசைப் பேச்சு அல்ல.

ஆர்.என்.ஏ.வும் நொதியாக, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் பொருளாக, செயல்படும் என்று கண்டறிந்ததற்காக 1989-இல் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவரும் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். நொதியாகச் செயல்படும் இத்தகைய ஆர்.என்.ஏ.க்களுக்கு ரைபோசைம் என்று பெயர். அவற்றுள் ஒன்றைப் பாக்டீரியாவில் கண்டறிந்த யேல் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் பிரேக்கர் குழு, குளுக்கோசமைன்-6-பாஸ்பேட் என்ற சர்க்கரைச் சேர்மம் போதிய அளவு சேர்ந்ததும் அதைத் தயாரிக்கும் நொதிக்கான தூது ஆர்.என்.ஏ. (புரதம் உருவாக்கும் குறிப்பைச் சுமப்பது) தன்னையே வெட்டிக்கொள்வதை 2004-இல் காட்டியது. அதே ஆண்டில் ரிச்சர்ட் மல்லிகன் குழு அமெரிக்காவில் இன்னொரு ரைபோசைமைப் பாலூட்டிச் செல்களின் மரபணுவில் பொருத்தி, வெட்டைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது மட்டும் புரதம் உருவாகும்படி செய்தது. உடலுக்குள் செலுத்திய மரபணுவைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், மரபணு சிகிச்சைக்கு அதை இயக்கவும் நிறுத்தவும் உதவும் இப்படியொரு சுவிட்ச் மிகவும் தேவை.

இதற்கென்று தனிப் பட்டப்படிப்பைத் தேடி அலைய வேண்டாம். ரைபோஸ் சர்க்கரையின் இரண்டாம் கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதி பக்கத்துப் பாஸ்பேட்டைத் தாக்குவதுதான் அந்த வெட்டு, டி.என்.ஏ.வில் அந்த ஹைட்ராக்சில் இல்லை. ஆகவே உயிரித் தொழில்நுட்பம் என்ற பெயர்ப்பலகையைக் காட்டிலும் கரிம வேதியியலில் ஆழமான அடித்தளம் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) நிறுவனங்களின், இளநிலையும் முதுநிலையும் இணைந்த ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு இதற்கு மிகவும் பொருந்தும். அதன் நுழைவுத் தேர்வில் உயிரியலோடு கணிதம், இயற்பியல், வேதியியலிலும் வினாக்கள் வரும். கணிதம் எடுக்காத மாணவி தனியாகத் தயாராக வேண்டியிருக்கும். அது கிடைக்காவிட்டால் அருகிலுள்ள நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் முடித்து, ஜாம் என்ற தேசிய நுழைவுத் தேர்வு வழியே முதுகலைக்குச் செல்லலாம்.

பாதை நீண்டது, முனைவர் பட்டம் வரை பத்தாண்டுகள் ஆகலாம். ஆனால் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 முதல் நடப்பில் உள்ள விகிதப்படி முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். அதற்குமேல் குடும்பம் செலவழிக்க நேராது. வேலைக்கு வெளிநாடு ஒன்றே கதி என்றும் இல்லை. புனேயின் ஜென்னோவா நிறுவனம் தயாரித்த எம்.ஆர்.என்.ஏ. (தூது ஆர்.என்.ஏ.) தடுப்பூசிக்கு 2022-இல் அவசரகால அனுமதி கிடைத்தது.

நீட் தேர்வை அவர் கைவிட வேண்டியதில்லை. இந்த ஆண்டு நீட், ஐசர் இரண்டுக்கும் விண்ணப்பிக்கட்டும். முடிவுகள் வந்தபின் நீங்கள், மகள், நான் மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.