செட்டிநாட்டு வெயிலில் நிற்கும் கேமனுக்கு எந்த ஆயில்?

கேள்வி: கானாடுகாத்தான் வீட்டில் 2014 மாடல் போர்ஷே கேமன் 2.7, பி.டி.கே. (இரட்டைக் கிளட்ச் தானியங்கி) கியர்பாக்ஸ் கார் நிற்கிறது. எனக்கு சிங்கப்பூரில் வேலை. பொங்கலுக்கும் கல்யாணம் காட்சிக்கும் வரும்போதுதான் ஓட்டுகிறேன். வருடத்துக்கு 2,000 கிலோமீட்டர் தாண்டாது. மற்ற நாட்களில் அப்பச்சி வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறார். காரைக்குடி மெக்கானிக், "நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 போட்டால்தான் தாங்கும்" என்கிறார். கியர் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்கிறார் ஒரு நண்பர். எந்த ஆயில் வாங்குவது, எப்போது மாற்றுவது?

பதில்: 20டபிள்யூ-50 வேண்டாம். உங்கள் மெக்கானிக் சொல்வதில் ஒரு காலத்து நியாயம் இருக்கிறது. அம்பாசடர், பழைய ஜீப், புல்லட் என்று பார்த்துப் பழகியவர்களுக்குக் கெட்டியான ஆயில்தான் நம்பிக்கை. அந்த இன்ஜின்களில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். கேமனின் ஆறு சிலிண்டர் பாக்ஸர் (சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருக்கும்) இன்ஜின் அப்படிப்பட்டது இல்லை.

வெயில் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சித்திரை மாதம் வெளியே 40 டிகிரி அடித்தாலும், மார்கழிக் காலையில் 22 டிகிரி இருந்தாலும், சூடேறி ஓடுகிற இன்ஜினுக்குள் ஆயில் இருப்பது ஏறக்குறைய 90 முதல் 110 டிகிரியில். அதைப் பார்த்துக்கொள்வது தெர்மோஸ்டாட்டும் கூலிங் சிஸ்டமும். 5டபிள்யூ-40 போன்ற ஆயில் எண்ணில் பின்னால் வரும் 40 என்பது 100 டிகிரியில் அதன் பிசுபிசுப்பு 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (பிசுபிசுப்பின் அலகு) இருக்கிறது என்று சொல்கிறது. பேரிங்குக்குள் சூடு இன்னும் கூடும் என்பதால் 150 டிகிரியில் தனியாக ஒரு பிசுபிசுப்புச் சோதனை உண்டு. ஐரோப்பிய ஏ3/பி4 தரத்தில் வரும் ஆயில் அதில் குறைந்தது 3.5 மில்லிபாஸ்கல்-விநாடி என்ற அளவைத் தொட்டாக வேண்டும். சூட்டைத் தாங்கும் ஏற்பாடு 40 எண் ஆயிலிலேயே இருக்கிறது, 50-க்குப் போக வேண்டிய தேவை இல்லை.

கெட்டி ஆயிலின் கெடுதல் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் தெரியும். 40 டிகிரியில் அளந்தால் நல்ல 5டபிள்யூ-40 ஆயில் 80, 90 சென்டிஸ்டோக்ஸ் அளவில் இருக்கும். 20டபிள்யூ-50 ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கு. நம் ஊர்க் காலை வேளையில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். பல வாரம் நின்ற காரில் ஆயிலெல்லாம் கீழே வடிந்திருக்கும். சாவியைத் திருப்பியதும் அது டைமிங் செயினுக்கும் வால்வுக்கும் ஏற வேண்டும். மாதக்கணக்கில் நிற்கிற உங்கள் கார் மாதிரி வண்டிக்கு அந்தச் சில விநாடிகள்தான் தேய்மானம். குளிர்ந்த ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்று காட்டும் முன்னால் வரும் எண் 0 ஆகவோ 5 ஆகவோ இருக்கட்டும். அது குளிர்நாட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது வாங்கும் விஷயம். பிராண்ட் பெயரைப் பார்க்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பி "போர்ஷே ஏ40" என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் இன்ஜினுக்கு அதுதான் முதல் தகுதி. 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 இரண்டுமே சரி. மொபில் 1 0டபிள்யூ-40, ஷெல் ஹெலிக்ஸ் அல்ட்ரா 5டபிள்யூ-40, மோட்டுல் 8100 எக்ஸ்-செஸ் 5டபிள்யூ-40 ஆகியவை இந்த அங்கீகாரத்தோடு வந்தவை. ஆனால் கலவையை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் கையில் எடுக்கும் டப்பாவிலேயே பார்த்துவிடுங்கள். இங்கே வார்த்தையைக் கூர்ந்து படிக்க வேண்டும். "அங்கீகாரம் பெற்றது" என்றால் கார் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டது. "இந்தக் காருக்குப் பொருத்தமானது", "தேவைகளைப் பூர்த்தி செய்கிறது" என்றால் ஆயில் கம்பெனி தானாகச் சொல்லிக்கொள்வது. இரண்டுக்கும் பெரிய தூரம்.

"ஃபுல்லி சிந்தெடிக்" என்ற பெரிய எழுத்துக்கும் அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். நன்கு சுத்திகரித்த கனிம எண்ணெயையும் பல நாடுகளில் அந்தப் பெயரில் விற்கலாம். அங்கீகார எண் இருந்தால் சோதனையில் தேறியது என்று அர்த்தம், அது போதும்.

போலி ஆயில் நம் நாட்டில் நிஜமான தொல்லை. கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள். மூடி சீல், பேட்ச் எண், தேதி மூன்றையும் சரிபாருங்கள். மாற்றி முடித்ததும் காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதே டப்பா வேறு ஆயிலோடு வேறு யாருக்காவது போகும். இந்த இன்ஜினுக்கு 5 லிட்டர் கேன் ஒன்று போதாது. இரண்டு வாங்கி, ஃபில்டரும் சேர்த்து மாற்றுங்கள். டிப்ஸ்டிக் கிடையாது. சமதளத்தில் நிறுத்தி, சூடேறிய இன்ஜினில், முன்னால் தெரியும் டிஸ்பிளேயில்தான் அளவு பார்க்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றிவிட வேண்டாம்.

அப்பச்சி வாரம் தவறாமல் பார்த்துக்கொள்வது அக்கறையால்தான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். எரியாத பெட்ரோலும் அதோடு சேரும். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் இவை ஆவியாகி வெளியேறும். ஐந்து நிமிடத்தில் அந்தச் சூடு வராது. பின் டிக்கியில் இருக்கும் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் மோர் நிறத்தில் பிசுக்கு ஒட்டியிருந்தால் இந்த ஈரத்துக்கு அதுவே சாட்சி. தண்ணீரும் எரிந்த கழிவும் சேர்ந்து அமிலமாகி பேரிங்கை அரிக்கும். உலோக அரிப்பைப் பற்றிக் காரைக்குடி வட்டாரத்துக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, 1953-இல் திறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) அங்கேதானே இருக்கிறது.

ஓட்டினால் முழுதாக ஓட்ட வேண்டும். பள்ளத்தூர் வரை போய் வருவது போதாது. திருமயம் வழியாகப் புதுக்கோட்டை போய்த் திரும்பினால் ஆயில் சூடேறிக் காய்ந்துவிடும். கூலன்ட் முள் ஏறிய பிறகும் ஆயில் சூடேறச் சில நிமிடம் பிடிக்கும், அதுவரை ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டாம். ஓட்ட ஆள் இல்லையென்றால் பேட்டரி சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னரை மாட்டிவிட்டுக் காரைச் சும்மா விடுங்கள். நிறைய நாள் நின்ற பிறகு முதல் ஸ்டார்ட்டில் லேசாக நீலப் புகை வந்தால் பயப்பட வேண்டாம், சிலிண்டர் படுத்திருக்கும் இன்ஜினில் அது சகஜம். அடங்காமல் தொடர்ந்தால்தான் காட்ட வேண்டும்.

கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை இன்ஜின் ஆயில் மாற்றுங்கள். பலரும் ஊருக்கு வந்ததும் மாற்றுவார்கள். நீங்கள் விடுமுறை முடிந்து கிளம்புவதற்கு முன் மாற்றுங்கள். அப்போதுதான் அடுத்த சில மாதம் இன்ஜின் பழைய அமிலத்தில் ஊறாமல் புது ஆயிலோடு நிற்கும். இதை உங்கள் காரைக்குடி மெக்கானிக்கே செய்யலாம். செம்மண் புழுதி பூமி என்பதால் அப்போதே ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கியர்பாக்ஸ். நண்பர் சொன்னது தவறு. பி.டி.கே.-யில் இரண்டு தனி ஆயில்கள் இருக்கின்றன: கிளட்சையும் ஹைட்ராலிக்கையும் இயக்க ஒன்று, கியருக்கும் டிஃபரன்ஷியலுக்கும் இன்னொன்று. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் கிளட்ச் போய்விடும். இரண்டுக்கும் மாற்ற வேண்டிய காலம் காரோடு வந்த பராமரிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. 2014-லிருந்து மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கியர் ஆயில் என்று கேட்டால் டிராக்டருக்கும் லாரிக்கும் போகிற ஈ.பி. 90-ஐ எடுத்துத் தருவார்கள். அதை இந்த வண்டிக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுவர வேண்டாம். 90 என்ற எண்ணைப் பார்த்து அது இன்ஜின் ஆயிலைவிட இரு மடங்கு கெட்டி என்றும் நினைக்க வேண்டாம். கியர் ஆயிலுக்கு அளவுகோலே வேறு. 90 என்பது 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ், அதாவது இன்ஜின் ஆயிலில் 40, 50-க்கு அருகில். கையால் கியர் போடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஜி.எல்.-4 தரக் கியர் ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில் ஜி.எல்.-5 ஊற்றாதீர்கள். அதில் கந்தகச் சேர்க்கை அதிகம். சில வகை ஆயில் கியர் மாறும்போது வேகத்தை ஒன்றாக்கும் பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கும், வழுக்கல் கூடி கியர் விழவும் தகராறு செய்யும்.

பி.டி.கே. ஆயில் அளவைக் குறிப்பிட்ட வெப்பநிலையில், கம்பெனியின் கணினிச் சோதனைக் கருவியான டெஸ்டரை மாட்டித்தான் சரிபார்க்க முடியும். அந்த வேலைக்கு மட்டும் காரை சென்னைக்கோ கொச்சிக்கோ போர்ஷே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். டெஸ்டர் இல்லாத யாரையும் கியர்பாக்ஸில் ஆயில் வடிக்கும் போல்ட்டைத் தொட விடாதீர்கள்.