கண்ணில் படாத கரும்பொருளை மோதுவியில் எப்படித் தேடுகிறார்கள்?

"கரும்பொருள் எந்தக் கருவியிலும் பதியாது என்கிறார்கள். அப்படியென்றால் எல்எச்சி மோதுவியில் அதை எப்படித் தேடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கரும்பொருள் என்பது ஒளிவிடாமல், ஈர்ப்பால் மட்டும் தன் இருப்பைக் காட்டும் பொருள்; எல்எச்சி என்பது ஜெனீவா அருகே புரோட்டான்களை மோதவிடும் பெரிய இயந்திரம். டர்பனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். அவர்களும் கேட்கும் கேள்விதான்.

நேராகப் பார்ப்பதில்லை. கணக்கு எங்கே உதைக்கிறது என்று பார்க்கிறார்கள்.

இரண்டு புரோட்டான்கள் நேருக்கு நேர் வந்து மோதுகின்றன. மோதும் முன் பக்கவாட்டு உந்தம் (நிறையும் வேகமும் சேர்ந்த அளவு) அநேகமாக எதுவும் கிடையாது. ஆகவே மோதிச் சிதறியவற்றின் பக்கவாட்டு உந்தங்களைத் திசையோடு கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். தீபாவளிக்கு இங்கே சாட்ஸ்வொர்த் பக்கம் வானத்தில் வெடிக்கும் வாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொறியெல்லாம் இடப்பக்கமே பறந்தால், வலப்பக்கம் ஏதோ நமக்குத் தெரியாமல் நழுவிவிட்டது என்றுதானே அர்த்தம்? அப்படி ஒருபக்கம் மட்டும் துகள் தாரை பாய்ந்த மோதல்களைத்தான் எல்எச்சியின் இரு பெரிய உணர்கருவிகளான அட்லஸ், சிஎம்எஸ் ஆகியவற்றின் குழுக்கள் பொறுக்கி எடுக்கின்றன.

சரி, எதிலும் அநேகமாக மோதாமல் போகும் நியூட்ரினோ என்ற துகளும் அப்படித்தானே நழுவும்? மோதலில் பிறந்து உடனே சிதையும் இசட் போசான் என்ற துகள்களில் சுமார் 20% நியூட்ரினோ இணைகளாகவே சிதைகின்றன. ஆனால் அதே இசட் சிலமுறை மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்) இணையாகவும் சிதையும். மியூவான் கருவியில் தெரியும். அதை எண்ணி, நியூட்ரினோ பங்கு எவ்வளவு என்று கணித்துக் கழிக்கிறார்கள். இந்த உத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கழித்த பிறகு குறிப்பிடும்படி எதுவும் இதுவரை மிஞ்சவில்லை. மற்றத் துகள்கள் நிறை பெறுவதோடு தொடர்புடைய ஹிக்ஸ் போசான் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதைவதானால் அது அதிகபட்சம் 11% அளவில்தான் இருக்க முடியும் என்று அட்லஸ் குழு 2023இல் வரம்பு போட்டது. 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று செய்தியில் வருவது இந்த மாதிரி வரம்புகளைத்தான். எத்தனையோ கோட்பாடுகள் இதில் அடிபட்டுப் போயிருக்கின்றன.

அப்புறம் கருவியே ஏமாற்றலாம். துகள்களின் ஆற்றலை அளக்கும் கலோரிமீட்டரில் ஒரு பகுதிக்கு மின்சாரம் போய்விட்டால், அங்கே விழுந்த ஆற்றலும் 'காணாமல் போனது' போலவே தெரியும். இங்கேதான் நம் நாடு வருகிறது. தென்னாப்பிரிக்கா 2010இல் அட்லஸில் சேர்ந்தது. எஃகுத் தகடும் ஒளிரும் பிளாஸ்டிக் ஓடுகளும் அடுக்கிய டைல் கலோரிமீட்டருக்கான புதிய மின்வழங்கிப் பலகைகளில் ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகக் குழு வேலை செய்கிறது. "நம்ம காசு அங்கே எதற்கு?" என்று கோயிலில் கேட்ட மாமாவிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஒப்புக்கொண்டாரா தெரியாது.

இன்னொன்று. நாளைக்கே மிச்சம் தெரிந்தாலும் அது கரும்பொருள் என்று சொல்லிவிட முடியாது. சுமார் 25 மீட்டர் விட்டமுள்ள அட்லஸை விட்டு வெளியேற, ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்குகூட வேண்டாம். அவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது என்பது மட்டுமே மோதுவிக்குத் தெரியும். கரும்பொருளோ பிரபஞ்சத்தின் 1,380 கோடி ஆண்டுகளையும் தாக்குப்பிடித்திருக்க வேண்டும். அதனால், கரும்பொருள் என்றைக்காவது அபூர்வமாக ஓர் அணுவில் இடிக்குமா என்று காத்திருக்கும், அமெரிக்காவில் நிலத்தடியில் உள்ள எல்இசட் மாதிரியான திரவ செனான் தொட்டிகளிலும் அதே நிறையுள்ள துகள் தட்டுப்பட்டால்தான் நம்புவார்கள்.