உளி மரத்தை வெட்டாமல் நசுக்குகிறது. நல்ல உளியும், அதை அடிக்கிற மரச் சுத்தியலான கொட்டாப்புளியும் எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வி கேட்டவர் ஆன்லைனில் ஆறு உளி கொண்ட செட் ஒன்றை வாங்கி, மொட்டை மாடியில் ஸ்டூல் செய்து பார்த்திருக்கிறார். துளை போட்ட இடமெல்லாம் பிய்ந்துவிட்டதாம். இரும்புச் சுத்தியலால் அடித்ததில் மரப்பிடியின் தலையும் விரிந்துவிட்டதாம். விலை கூடின வேறு செட் வாங்கலாமா என்கிறார்.

வேண்டாம். அந்த ஆறில் மூன்று நான்கை வைத்துக்கொண்டு, அந்தக் காசில் ஒரு சாணைக்கல் வாங்குங்கள். கடையிலிருந்து வரும் உளி பாதி வேலை முடிந்த உளிதான். மீதி வேலை வாங்கியவர் தலையில்.

நான் தண்டையார்பேட்டையில் கதவு, ஜன்னல், கட்டில் வேலை செய்கிறேன். தொழில் கற்றது தாய்மாமனிடம். பழைய வண்ணாரப்பேட்டையில் அவருக்குச் சின்னதாக ஒரு பட்டறை இருந்தது. முதல் மூன்று வாரம் மரத்தையே தொட விடவில்லை. ஒரு உளி, ஒரு கல், ஒரு கிண்ணத்தில் எண்ணெய். "முதுகத் தேய்டா, வாய அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். எனக்கு அழுகை வரும். இன்றைக்கு யார் கேட்டாலும் நானும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

சரிவு இல்லாத தட்டைப் பக்கம்தான் முதுகு. உளியின் வாய் என்பது முதுகும் சரிவும் சந்திக்கிற கோடு. முதுகில் மெஷின் கோடுகளும் குழியும் இருந்தால், சரிவை எத்தனை முறை தீட்டினாலும் அந்தக் கோடு ரம்பப் பல்லாகத்தான் இருக்கும். மரத்தைச் சீவும்போது உளிக்கு வழிகாட்டுவதும் முதுகுதான். அது வளைந்திருந்தால் உளி தன் போக்கில் போகும். முழு முதுகையும் தேய்க்க வேண்டியதில்லை, வாயிலிருந்து ஒரு இன்ச் போதும். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 220 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி, முதுகைப் படுக்க வைத்துத் தேயுங்கள். பிறகு 400, 800, 1200. கோடுகள் மறைந்து, ஜன்னல் வெளிச்சம் அதில் தெரிகிறவரை. ஒரு உளிக்கு ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கும். ஆனால் அந்த உளியின் ஆயுளுக்கும் ஒரே முறைதான்.

அடுத்து சரிவு. கோணம் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். சரிவின் நீளம் உளித் தகட்டின் கனத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் அது 30 டிகிரி. ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருந்தால் 25. கையால் தள்ளிச் சீவுவதற்கு 25 நல்லது. கொட்டாப்புளியால் அடிக்கிற உளிக்கு 30 வேண்டும், இல்லாவிட்டால் வாய் மடங்கும் அல்லது பொடிப்பொடியாக உதிரும். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருக்கிறது, வாயைச் சீக்கிரம் மழுக்கிவிடும். ஆகவே தேக்கு வேலை என்றால் கல்லை எட்டும் தூரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் கடையில் யாரும் சாணைக்கல் என்று கேட்பதில்லை, கார்ப்ரண்டம் கல் என்றுதான் கேட்பார்கள். சிலிக்கான் கார்பைடுக்கு வைத்த வணிகப் பெயர் அது. 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலின் ஆலை இதோ திருவொற்றியூரில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ் என்று இருக்கும் கல்லை வாங்குங்கள். சரிவைக் கல்லில் பதித்துத் தேய்த்துக்கொண்டே போனால், முதுகுப் பக்கம் விரலில் மெல்லிய பிசிறு தட்டுப்படும். வாயின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தட்டுப்பட வேண்டும். அதற்கு முன் நிறுத்தினால் நீங்கள் இன்னும் வாய்க்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். பிறகு நைஸ் பக்கம். கடைசியில் முதுகைப் படுக்க வைத்து இரண்டு இழுப்பு, பிசிறு விழுந்துவிடும்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனை கொடுக்கலாம், உளி கொடுக்காதீர்கள். சக்கரத்தில் தண்ணீர் இல்லாமல் பிடித்தால் வாய் நீலம் பூத்துவிடும். நீலம் வந்தால் சூடு 300 டிகிரி செல்சியஸ் பக்கம் போய், கடினம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். எனக்கே ஒருமுறை நடந்தது. அவசரத்தில் பக்கத்து வெல்டிங் பட்டறையின் கிரைண்டரில் ஒரு இன்ச் உளியைப் பிடித்தேன். நீலம் ஏறின இடம் முழுவதையும் தேய்த்து எடுத்த பிறகுதான் அது மறுபடி கூர் தாங்கியது.

எத்தனை உளி, என்ன அளவு என்பதற்கு நம் நூல் கணக்கைப் போல வசதியானது இல்லை. ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். துளையும் அதில் ஏறும் நாக்கும் மரக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பழைய அளவு. முக்கால் இன்ச் பலகை ஆறு நூல், அதற்கு இரண்டு நூல் உளி. ஒன்றரை இன்ச் கதவுச் சட்டம் பன்னிரண்டு நூல், அதற்கு நாலு நூல், அதாவது அரை இன்ச் உளி. கீல் பதிக்க முக்கால் இன்ச். சீவிச் சரிசெய்ய ஒரு இன்ச். இந்த நாலில் அன்றாட வேலை ஓடிவிடும். ஸ்டூலுக்கு முதல் மூன்றே போதும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இப்போது செட்டில் வருவது மில்லிமீட்டர் உளி. 6 மி.மீ. உளியும் இரண்டு நூல் உளியும் ஒன்றல்ல, இரண்டு நூல் என்றால் 6.35 மி.மீ. அரை இன்ச்சுக்கு 12.7. டேப்பில் அரை இன்ச் அளந்து நாக்கை அறுத்து, 12 மி.மீ. உளியில் துளை போட்டால் நாக்கு உள்ளே போகாது. பிறகு துளையைச் சீவிச் சீவி அகலமாக்குவீர்கள், மூட்டு ஆடும். அளக்காதீர்கள். உளியையே மரத்தில் வைத்து, அதன் அகலத்துக்குக் கோடு கீறி, அதே கோட்டை நாக்குக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் பாரிமுனை லிங்கி செட்டி தெருப் பக்கம் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள், முறுக்கு தெரியும். முதுகில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். பிடியில் மர ரேகை நேராக ஓட வேண்டும், அடியிலும் தலையிலும் பூண் இருந்தால் உத்தமம். பக்கங்கள் செங்குத்தாக இருக்கும் உளி அடி தாங்கும், துளைக்கு அதுதான். பக்கங்கள் சரிந்த உளி, புறா வால் போல விரிந்திருக்கும் புறாவால் மூட்டின் மூலைக்குள் போகும், ஆனால் அதைத் துளையில் விட்டு நெம்பினால் உடையும். லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துத் தரும் உளியைப் பார்த்தால் விடாதீர்கள். அழகு இருக்காது, வேங்கை, கோங்கு போன்ற கடின மரத்தில் அதன் அருமை தெரியும். பழைய சாமான் கடையில் ஷெஃபீல்ட் ஊர் முத்திரையோடு 'காஸ்ட் ஸ்டீல்' என்று பொறித்த உளி கிடைத்தால், வார்ப்பிரும்பு என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் அந்த ஊரில் மூசையில், அதாவது உருக்கும் மண் கலத்தில், உருக்கி எடுக்க ஆரம்பித்த எஃகு வகை அது. மாமா எனக்கு விட்டுப்போனதில் அப்படி ஒன்று இருக்கிறது. நீளம் பாதியாகிவிட்டது, இன்றும் அதில்தான் கடைசிச் சீவல்.

இனி கொட்டாப்புளி. இரும்புச் சுத்தியலின் அடி சின்ன இடத்தில், வெடுக்கென்று விழுகிறது. மரப்பிடி நசுங்கும், மணிக்கட்டு வலிக்கும், கண்ணும் உளியின் வாயை விட்டுப் பிடியின் தலைக்குப் போய்விடும், விரலில் அடிபடுமோ என்ற பயத்தில். கொட்டாப்புளியின் முகம் அகலம், பார்க்காமலே அடிக்கலாம். எடை அரை கிலோவை ஒட்டி இருந்தால் நாள் முழுக்கக் கை தாங்கும். புளி, கருவேலம் இரண்டும் அருமையான கட்டை. தேக்கு வேண்டாம், அடி தாங்காமல் பிளந்துவிடும். ரப்பர் சுத்தியல் சட்டங்களைக் கோத்துத் தட்ட உதவும், உளிக்கு உதவாது. அடித்த அடியில் பாதி எகிறித் திரும்பிவிடும்.

நீங்களே செய்யலாம். விறகுத் தொட்டியில் சொல்லி வைத்தால் புளியங்கட்டை கிடைக்கும். இரண்டு முனையிலும் மெழுகு தடவி நிழலில் ஆறு மாதம் போட்டுவிடுங்கள், வெடிக்காது. கடைசல் பட்டறையில் கொடுத்தால் உருளையாகக் கடைந்து தருவார்கள். சதுரத் தலை வேண்டுமென்றால், தலையில் போடும் துளை மேலே சற்று அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கட்டும், பிடியை மேலிருந்து செருகுங்கள். வீச வீசத் தலை இறுகுமே தவிரக் கழன்று பறக்காது. உங்கள் உளியின் விரிந்த பிடித்தலையை ரம்பத்தால் நறுக்கி, ஓரத்தை மழித்துவிடுங்கள், அது பிழைத்துக்கொள்ளும்.

நசுங்கும் கதைக்கு வருகிறேன். மழுங்கல் ஒரு காரணம். இன்னொன்று, எடுத்த எடுப்பில் கோட்டின் மேலேயே உளியை வைத்து அடிப்பது. உளிக்கு ஒரு பக்கம்தான் சரிவு. அடி விழுந்ததும் சரிவுப் பக்கத்து மரம் ஆப்பைத் தள்ளுவது போலத் தள்ளும், உளி முதுகுப் பக்கமாக நகரும். முதுகுப் பக்கம் இருப்பது உங்கள் நல்ல மரம். கோடு தாண்டி அது நசுங்குகிறது. ஆகவே முதலில் கோட்டிலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. உள்ளே தள்ளி வெட்டுங்கள். துளையின் நடுவில் ஆரம்பித்து, சரிவு பள்ளத்தைப் பார்க்க, மூன்று மூன்று மி.மீ. நகர்த்தி இரண்டு முனைக்கும் போங்கள். சில்லு பள்ளத்துக்குள் சாயும், நெம்பி எடுங்கள். முனையில் நெம்பாதீர்கள், ஓரம் கன்றிப்போகும். ஊடுருவிப் போகும் துளை என்றால் பாதி ஆழத்தில் மரத்தைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து வெட்டுங்கள், அடிப்பக்கம் பிய்யாது. மிச்சம் விட்ட அந்த மெல்லிய ஓரத்தைக் கடைசியாகக் கோட்டில் வைத்து அடித்தால், தள்ள வலுவில்லாமல் அது பள்ளத்துக்குள் உதிர்ந்துவிடும். சுவர் கண்ணாடி போல நிற்கும்.

மரத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இரண்டு கையும் எப்போதும் வாய்க்குப் பின்னால் இருக்கட்டும். கூரான உளியைவிட மழுங்கின உளிதான் கையைக் கிழிக்கும், அதைத் தள்ளத்தான் முரட்டுப் பலம் வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கம் கடல் காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை எந்த இரும்பையும் இரண்டு நாள் வெறுமனே விட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பட்டறைக்குள் தண்ணீர் வந்து என் உளிகள் எல்லாம் மூழ்கின. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, முதுகிலிருந்து மறுபடி தொடங்கினேன். பழைய வேட்டித் துணியில் தையல் மெஷின் எண்ணெய் நனைத்து ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், வேலை முடிந்ததும் ஒரு துடை. தேங்காய் எண்ணெய் போகப் போகப் பிசுக்காகிவிடும். ஆயுத பூஜை அன்று பொட்டைப் பிடியில் வையுங்கள், வாயில் வேண்டாம். ஈரச் சந்தனம் ஒரு ராத்திரி இருந்தால் அந்த இடத்தில் துரு குழி பறித்துவிடும். மறுநாள் படையலிலிருந்து எடுக்கும்போதே துடைத்து எண்ணெய் காட்டிவிடுங்கள்.