டெலோமியர் மாத்திரை சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. செல்களின் டெலோமியரை நீளமாக்கி முதுமையைத் தள்ளிப்போடும் என்று வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரு மாத்திரை டப்பா அனுப்பியிருக்கிறான். சாப்பிடலாமா? என் அம்மா மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்.

பதில்: உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எனக்குத் தோன்றியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த டப்பாவைத் திறக்காதீர்கள்.

முந்தானை நூல் பிரியாமல் குஞ்சம் கட்டுகிறோம் அல்லவா? செல்லுக்குள் டிஎன்ஏ சுருண்டிருக்கும் குரோமோசோமின் இரு முனைகளிலும் அப்படி இருப்பதுதான் டெலோமியர். ஆறு எழுத்து கொண்ட ஒரே டிஎன்ஏ தொடர் அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. செல் பிரியும்போது கடைசி நுனியை மட்டும் முழுதாக நகலெடுக்க முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் சிறிது தேய்கிறது. ரொம்பவும் தேய்ந்ததும் செல் பிரிவதை நிறுத்திக்கொள்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்கள் சுமார் 50 முறை பிரிந்ததும் ஓய்ந்துவிடுவதை அமெரிக்க உயிரியலாளர் லியோனார்ட் ஹேஃப்லிக் 1961இலேயே எழுதினார். காரணம் பிறகுதான் புரிந்தது.

தேய்ந்ததை மீண்டும் சேர்க்கும் நொதி டெலோமரேஸ். 1984ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ஆய்வகத்துக்கு வந்த கரோல் கிரைடர் என்ற மாணவி தன் சோதனையின் முடிவு பதிந்திருந்த எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்துப் பார்த்தார். ஏணிப்படிபோல் கோடுகள்! குளத்து நீரில் வாழும் ஒற்றைச் செல் உயிரியின் சாற்றில், டிஎன்ஏ நுனி ஆறு ஆறு எழுத்தாக வளர்ந்திருந்தது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும் காட்சி இது. அவருக்கும், அவருடைய ஆசிரியை எலிசபெத் பிளாக்பர்னுக்கும், டெலோமியரை ஆராய்ந்த இன்னொரு விஞ்ஞானி ஜாக் சோஸ்டாக்குக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் உடலின் பெரும்பாலான செல்களில் இந்த நொதி அடங்கியே இருக்கிறது. அந்த அடக்கம் நமக்குக் காவல். கட்டுமீறிப் பிரியத் தொடங்கும் செல்லும் ஒரு கட்டத்தில் நின்றுபோகும். புற்றுநோய்களில் 85 முதல் 90 சதவீதம் இந்த நொதியை மறுபடி முடுக்கிவிட்டுத்தான் ஓயாமல் பெருகுகின்றன. உங்கள் மாத்திரை புற்றுநோயை உண்டாக்கும் என்று நான் சொல்லவில்லை. மனித ஆயுளைக் கூட்டுவதாக நிரூபணமான டெலோமியர் மாத்திரை எதுவும் இல்லை. இல்லாத பலனுக்காக உங்கள் குடும்பத்தில் இந்தச் சோதனை வேண்டாம்.

முதுமைக்கு டெலோமியர் மட்டுமே காரணமும் அல்ல. ஆய்வக எலிக்கு நம்மைவிட நீளமான டெலோமியர். வாழ்வதோ இரண்டு மூன்று ஆண்டுகள்.

கடைசியாக எப்போது மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. இந்த மாதமே எடுத்துவிடுங்கள். அம்மாவுக்கு எந்த வயதில் நோய் வந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.